மனச்சோர்வுக்கு உளவளத்துணை தேடுகிறவர்கள் கட்டாயம் வாசிக்கவும்

ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் இருந்து மனச்சோர்வுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உளவளத்துணை என்று சொல்லி என்னை ஏமாற்றிய ஒரு ஆளைப் பற்றியது இது. பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருப்பதால் அந்த ஆளின் பெயரைப் போடவில்லை. அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வேறொரு டவுனில் வேறொரு பலகையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். அப்பா போன பிறகு எனக்கு விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடும், அதன்பிறகு நித்திரை கிடையாது. பிள்ளைகள் அழுதால் தூக்கக் கை வராது. சாப்பாட்டில் ருசி இல்லை, தலை வாரக்கூட மனம் இல்லை. நுவரெலியா பெரியாஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் மனச்சோர்வுக்கான செர்ட்ரலின் மாத்திரை 50 மில்லிகிராம் எழுதினார்கள். வேலை செய்யச் சில வாரம் எடுக்கும், இடையில் விடக்கூடாது என்று சொல்லித்தான் தந்தார்கள். அப்படியே நடந்தது. மெதுவாக நித்திரை வந்தது, பசி வந்தது.

அப்படி இருந்தும் ஏன் வெளியே ஆள் தேடினேன் என்று கேட்பீர்கள். கிளினிக்கில் சனம் நிறைய, டொக்டருக்குச் சிங்களம்தான் வரும். தாதி ஒருவர் நல்ல மனதோடு தமிழில் மாற்றிச் சொல்லுவார். ஆனால் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி இன்னொருவர் வாய் வழியாக எப்படிச் சொல்வது? எனக்கு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது, நம்ம தமிழில். மலைநாட்டில் இது நிறையப் பேருக்கு இருக்கிற தேவை. அந்த ஆள் பிழைப்பதே இந்தத் தேவையை வைத்துத்தான்.

டவுனில் ஒரு கடைக்கு மேல் மாடியில் அறை. பலகையில் பெயருக்கு முன்னால் ‘டொக்டர்’, கீழே உளவளத்துணை நிலையம். சுவர் நிறையச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். ஆள் அன்பாகப் பேசினார், நம்ம தமிழில் பேசினார். அப்பாவின் பெயரைக் கேட்டார், எந்த டிவிசன் என்று கேட்டார். நான் அன்றைக்கு அழுத அழுகை, அப்பா போனதிலிருந்து அழாத அழுகை. அது முடிகிற நேரம் பார்த்துக் காசுப் பேச்சை எடுத்தார். ‘கோர்ஸ்’ முழுவதற்கும் 45,000 ரூபா, முற்பணமாகவே கட்ட வேண்டும், இன்றைக்குக் கட்டினால்தான் இந்த விலை. தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்த நேரம் அது. ஒரு மாதத்துக்கும் மேல் ஒரு நாள் விடாமல் கொழுந்து பறித்தால்தான் அந்தக் காசைக் காணலாம். அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கட்டினோம். ரசீது கேட்டதற்கு, “நமக்குள்ள எதுக்குத் தங்கச்சி துண்டெல்லாம், நம்பிக்கைதான் மருந்து” என்றார்.

அடுத்த முறை என் கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னார். “இது சாப்பிட்டா அதுக்கே அடிமையா போயிருவீங்க.” அதற்குப் பதிலாகப் பேர் ஒட்டாத ஒரு சின்னப் போத்தல், மண்ணிறத் தண்ணி, ‘மூளை நரம்புக்கு’. அதற்குத் தனியாக 6,500.

நிறுத்திய சில நாளில் தலை சுற்றியது. கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி விறுக்கென்று ஒரு வெட்டு. போன் பண்ணிச் சொன்னேன். “அது விஷம் இறங்குது, நல்லதுதான்” என்றார். விஷமும் இல்லை ஒன்றும் இல்லை. இந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிறையப் பேருக்கு இப்படி வரும், அதனால்தான் டொக்டர்மார் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். நித்திரை மாத்திரைக்குப் பழகுவதுபோல் செர்ட்ரலினுக்கு யாரும் அடிமையாவதும் இல்லை. சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வது, நோய் திரும்பாமல் இருக்கத்தான். இதெல்லாம் பிறகு கிளினிக் டொக்டர் எனக்குப் பொறுமையாகச் சொன்னது.

நோய் திரும்பியது, முன்பைவிட மோசமாக. அந்த வாரங்களைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

காசைவிட எனக்கு ஆறாதது இன்னொன்று. நான் அந்த அறைக்குள் சொன்ன குடும்ப விசயங்களை, என்னைக் கேட்காமல், வீட்டுக்காரருடைய அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். ‘குடும்பத்தையும் குணப்படுத்த வேண்டும்’ என்பது அவர் சொன்ன காரணம். அதற்கும் ஒரு கட்டணம் பேசியிருக்கிறார். லயத்தில் ஒரு காம்பராவில் பேசினால் அடுத்த காம்பராவில் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிற எங்களுக்கு, வெளியே போய் ஒருவரிடம் மனதைத் திறப்பது எவ்வளவு பெரிய காரியம்! அதை விற்கிற மனிதனை எப்படி மன்னிப்பது? உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய, முறையாகப் படித்த உளவளத்துணையாளர் உங்கள் சம்மதம் இல்லாமல் வாயைத் திறக்கமாட்டார். முதல் நாளே இதைப் பற்றி உங்களோடு பேசுவார்.

காசைத் திருப்பிக் கேட்கத் தம்பி போனான். ‘கோர்ஸைப் பாதியில் விட்டது நீங்கள்’ என்று அனுப்பிவிட்டார். ரசீது இல்லாததால் பொலிஸிலும் இழுபடுகிறது. எங்களிடம் மிஞ்சியிருப்பது போத்தலும் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளும்தான், அவற்றைக் கொடுத்திருக்கிறோம். நீங்கள் யாரிடம் போனாலும் எழுத்தில் ரசீது வாங்குங்கள், வந்த செய்திகளை அழிக்காதீர்கள்.

சரி, எப்படிப் பார்த்துப் போவது? ‘டொக்டர்’ என்று பலகை இருந்தால் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் தேடலாம், காசு இல்லை. நான் தேடிப் பார்த்தேன், இவர் பெயர் இல்லை. ஆனால் வைத்தியருக்கு இருக்கிற மாதிரி இறுக்கமான பதிவுச் சட்டம் உளவளத்துணையாளருக்கு நம் நாட்டில் இல்லை, அதனால் எங்கே படித்தீர்கள், எவ்வளவு காலம், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். நல்லவர் கோபப்படமாட்டார். மாத்திரையை நிறுத்து என்று சொல்கிற உளவளத்துணையாளரிடமிருந்து அந்த நிமிடமே எழும்பி வந்துவிடுங்கள், அது அவர் வேலையே இல்லை.

காசில்லாமல் பேசவும் இடம் இருக்கிறது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார்கள், தமிழ் பேசுகிறவர் என்றைக்கு இருப்பார் என்று முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள், ஒரு நாள் சம்பளம் மிச்சம். நான் இப்போது அப்படி ஒரு அக்காவிடம்தான் போகிறேன். கிளினிக்கையும் விடவில்லை. திரும்பிப் போன அன்று டொக்டர் ஒரு சொல்லும் ஏசவில்லை, மறுபடி மாத்திரை எழுதித் தந்தார். எதையாவது எழுதிக்கொண்டு வாருங்கள், தாதியை வைத்து வாசிக்கச் சொல்கிறேன் என்றார். அதுவும் நல்ல வழி, செய்து பாருங்கள்.

யாரோ சொல்லி மாத்திரையை ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் அடுத்த கிளினிக் நாள் வரும்வரை இருக்காதீர்கள். கொப்பியையும், அந்த ஆள் கொடுத்த போத்தல் எதுவாக இருந்தாலும் அதையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுக்கலாம். எடுத்த உடனேயே தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். நிலைமை கையை மீறினால் 1990 அம்புலன்ஸ், அதற்கும் காசில்லை.