மூணு வருஷமாக லினக்ஸ் மின்ட், நடுவில் ஒரு பிரிண்டர்

பல்லடத்தில் பவர் டேபிள் (தையல் மெஷின் யூனிட்) போட்டிருக்கிற மாப்பிள்ளை ஒருத்தன் போன வாரம் போனில் கேட்டான். "விண்டோஸ் 10க்கு அப்டேட் நின்னுபோச்சாம், என் கம்ப்யூட்டர்ல 11 ஏறாதுங்கறாங்க. நீ ஏதோ லினக்ஸ் வெச்சிருக்கியே, அதையே போட்டுக்கட்டுமா?" வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றான். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது திருப்பூரில் 20 மெஷின் யூனிட். பனியன் கம்பெனியிலிருந்து வெட்டிய துணி, அதாவது கட்டிங் பீஸ் வரும், தைத்து, செக்கிங் முடித்து, டிசி (சரக்கோடு போகிற டெலிவரி சலான்) போட்டு அனுப்ப வேண்டும். ஆபீஸ் ரூமில் இருப்பது 2016ல் வாங்கிய டெஸ்க்டாப், ஆறாம் தலைமுறை ஐ3 பிராசசர். 2022 கடைசியில் அதை ஆன் செய்துவிட்டு முக்குக் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் திரை வந்திருக்காது. பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டி, ரேமை 8 ஜிபி ஆக்கி, விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டில் அந்த வருஷம் வந்த 21ஐப் போட்டேன். வேகம் கூடியதில் பாதிப் பெருமை எஸ்எஸ்டிக்குத்தான் சேரும், விண்டோஸையே திரும்பப் போட்டிருந்தாலும் ஓரளவு ஓடியிருக்கும். ஆனால் மீதிப் பாதி மின்ட்டுடையது. மூன்று வருஷத்தில் வேலை நேரத்தில் ஒரு தடவைகூட தானாக ரீஸ்டார்ட் ஆனதில்லை. அப்டேட் வந்திருக்கிறது என்று மூலையில் சின்னதாகக் காட்டும், நாம் எப்போது சொல்கிறோமோ அப்போதுதான் செய்யும். காசும் கேட்கவில்லை. தைத்த பீஸ் கணக்கு, சனிக்கிழமை சம்பளப் பட்டியல் எல்லாம் எக்செல் மாதிரியான லிப்ரே ஆபீஸில் ஓடுகிறது, ஜிஎஸ்டி, இ-வே பில் இரண்டும் பிரவுசரிலேயே முடிந்துவிடுகிறது.

எங்கள் ஊரில் யாரும் சிஸ்டத்தைப் பார்த்து சாப்ட்வேர் வாங்குவதில்லை, சாப்ட்வேருக்காகத்தான் சிஸ்டம். ஆடிட்டர் ஆபீஸில் கணக்கெழுதும் டேலி, அதனால் விண்டோஸ். பிரிண்டிங் யூனிட்டில் படம் வரையும் கோரல்டிரா, எம்பிராய்டரிக்காரர்களுக்கு டிசைன் பஞ்சிங் சாப்ட்வேர், அங்கேயும் விண்டோஸ்தான். கோரல்டிரா 2000ல் லினக்ஸுக்கும் வந்தது, பிறகு விட்டுவிட்டார்கள். தொடர்ந்திருந்தால் காதர்பேட்டைப் பக்கம் பாதிக் கடைகளில் இன்றைக்கு வேறு சிஸ்டம் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். இன்னொன்று, எங்கள் டைலர்கள், செக்கிங் அம்மாக்கள் எல்லார் கையிலும் இருப்பது ஆண்ட்ராய்டு, அதன் அடியில் ஓடுவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில்கூட ஆரம்பத்தில் விண்டோஸோடு பாஸ் என்கிற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அக்கா மகளுக்குக் கிடைத்ததில் அதைப் பார்த்துத்தான் இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியும்.

சரி, பிரிண்டருக்கு வருகிறேன்.

எங்களிடம் இருப்பது ஒரு சின்ன லேசர் பிரிண்டர். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வகையில் பக்கத்தை வரைகிற வேலை முழுவதையும் கம்ப்யூட்டரே செய்து கொடுக்க வேண்டும், பொதுவான பிரிண்டர் மொழி எதுவும் அதற்குப் புரியாது, கம்பெனி கொடுக்கிற டிரைவர் என்கிற மென்பொருள் இருந்தால்தான் பேசும். லினக்ஸுக்கு என்று ஒரு டிரைவர் எப்போதோ போட்டார்கள், அதோடு சரி. மின்ட் 21ல் எப்படியோ ஏற்றிவிட்டேன். 2024ல் 22 வந்ததும் ஆசையாக மாறினேன், அன்றைக்கே பிரிண்ட் நின்றுபோனது. சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிப்ட்டில் முதல் நாள் எடுத்து வைத்த பதிவு இருந்ததால், மதியச் சாப்பாட்டுக்குள் பழைய 21க்கே திரும்பி வந்துவிட்டேன், ஒரு பைல் போகவில்லை. இப்படி ஒரு வசதியைச் சும்மா கொடுத்தவர்களுக்குக் கை எடுத்துக் கும்பிடலாம்.

தினமும் படுத்துவது வேறு. கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் இருக்கிறது, லேசர் பிரிண்டரை அதில் மாட்டக் கூடாது, சூடாகும்போது இழுக்கிற கரண்டைச் சின்ன யூபிஎஸ் தாங்காது. அதனால் கரண்ட் போய் ஜெனரேட்டர் வருகிற ஒவ்வொரு தடவையும் பிரிண்டர் அணைந்து எரியும், டிரைவர் அதைத் தொலைத்துவிடும். கட்டளை அடிக்கிற டெர்மினலைத் திறந்து இரண்டு வரி அடித்தால் திரும்ப வரும். அந்த இரண்டு வரியையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கணக்கு பார்க்கிற பொண்ணு ஆரம்பத்தில் "ஏனுங்கண்ணா, பிரிண்டர் மறுபடியும் நின்னுபோச்சுங்க" என்று கூப்பிடும், இப்போது அட்டையைப் பார்க்காமலே அடிக்கிறது.

போன வாரம் நான் கோபியில் ஒரு சீருக்குப் போயிருந்தேன், அந்தப் பொண்ணும் லீவு. பொழுதோட ஆறரை மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. குட்டியானை வண்டியில் 38 பண்டல் ஏற்றியாகிவிட்டது, டிசி வரவில்லை. வண்டி டிரைவர் "ஏனுங், டிசி ஆச்சுங்களா" என்று எனக்கே போன் போட்டுவிட்டார். பந்தியில் உட்கார்ந்துகொண்டு, செக்கிங் பார்க்கிற அம்மாவுக்குப் போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், ஒரு இடைவெளி விட்டுப்போயிருக்கிறது போல, வேலை செய்யவில்லை. கடைசியில் பழைய டிசி புத்தகத்தைத் தேடி எடுத்துக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வண்டி கிளம்ப ஏழரை. கம்பெனி கேட் மூடிவிட்டது, சரக்கு மறுநாள்தான் இறங்கியது. மறுநாள் காலையில்தான் மாப்பிள்ளையின் போன் வந்தது.

தப்பு மின்ட்டுடையது இல்லை, அந்த பிரிண்டர் கம்பெனியுடையது, எனக்குத் தெரியும். நிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்கிற இந்தச் சுதந்திர மென்பொருள் கதையே ஒரு பிரிண்டரில் தொடங்கியதுதான். 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்துக்கு வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் தகவல் வருகிற மாதிரி மாற்ற நினைத்த ரிச்சர்ட் ஸ்டால்மேனுக்கு, அதன் நிரல் கொடுக்கப்படவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983ல் குனு என்கிற சுதந்திர மென்பொருள் திட்டமாக வந்து நின்றது. 40 வருஷம் கழித்து திருப்பூரில் ஒரு வண்டி அதே காரணத்துக்காக நிற்கிறது என்றால் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. ஏர்பிரிண்ட் என்கிற பொது முறை போட்டிருக்கிற பிரிண்டராக இருந்தால் பெரும்பாலும் டிரைவரே தேவையில்லை. அப்படி ஒன்று வாங்க அடுத்த வாரம் கோயமுத்தூர் போகிறேன்.

மாப்பிள்ளை, உன் கம்ப்யூட்டரும் என்னுடையது மாதிரிதான், விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை பிராசசரும் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. 10க்கு அப்டேட் நின்றது 2025 அக்டோபர் 14ல், பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும், அதைச் செய்துகொண்டு, அதற்குள் புது மெஷினாக விண்டோஸோடு வாங்கிவிடு. உன் யூனிட்டில் இரண்டு வரி அடிக்க ஆள் இல்லை. நான் மின்ட்டை எடுக்கப் போவதில்லை, அது வேறு. ஞாயிற்றுக்கிழமை வரும்போது பென்டிரைவில் கொண்டு வருகிறேன், எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், பசங்க லேப்டாப்பில் போட்டுப் பாரு. யூனிட்டுக்கு வேண்டாம்.