அட்மினிலிருந்து செக்யூரிட்டிக்கு: சான்றிதழா, எஸ்ஓசியா, ஆட்டோமேஷனா?

பெங்களூரில் நாலைந்து வருடம் லினக்ஸ் அட்மினாக இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலரும் கேட்பது இதுதான்: "அண்ணா, செக்யூரிட்டிக்கு மாறணும், எந்தக் கோர்ஸ்ல சேரலாம்?" என்னைக் கேட்டால், கோர்ஸுக்கு முன்னால், பல சர்வர்களில் ஒரே மாற்றத்தைத் தானாகச் செய்யும் கருவியான ஆன்சிபிளைக் கையில் எடுங்கள் என்பேன்.

சிஇஎச் எனும் ஹேக்கிங் சான்றிதழுக்கு 4 மணி நேரத் தேர்வு. 125 கேள்விகளுக்கு விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். ரெஸ்யூமேயை எச்ஆர் தாண்டவைக்க உதவும், அவ்வளவுதான். ஓஎஸ்சிபி சான்றிதழ் வேறு ரகம். 23 மணி 45 நிமிடத்தில் மெஷின்களை உடைத்து உள்ளே போக வேண்டும். அனுமதியோடு தாக்கி ஓட்டை தேடும் பென்டெஸ்டிங்தான் ஆசை என்றால் அதற்கு உழைக்கலாம்.

எஸ்ஓசியில், அதாவது தாக்குதல் நடக்கிறதா என்று கண்காணிக்கும் மையத்தில், நுழைவது சுலபம். ஆனால் முதல் படியான எல்1 என்றால் பெரும்பாலும் அலர்ட் பார்த்து டிக்கெட்டை மேலே தள்ளும் வேலை. ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வந்துபோகிறவருக்கு ராத்திரி ஷிஃப்டும் சேர்ந்தால் படிக்கவே தெம்பு இருக்காது. புதிதாகக் கல்லூரி முடித்தவர்களுக்கு அது நல்ல தொடக்கம்தான். சர்வரைக் கையில் வைத்திருப்பவருக்குப் பின்னடைவு.

ஆட்டோமேஷனுக்கு வேலை மாறவே வேண்டாம். சிஐஎஸ் பெஞ்ச்மார்க் எனும் பாதுகாப்பு அமைப்புப் பட்டியலை எடுத்து, ரூட் லாகினை மூடுவது, பாஸ்வேர்டை நிறுத்தி கீ (சாவிக் கோப்பு) மட்டும் அனுமதிப்பது என ஒவ்வொன்றாக ஆன்சிபிளின் கட்டளைக் கோப்பான பிளேபுக்கில் எழுதுங்கள். முதலில் எதையும் மாற்றாமல் சோதிக்கும் செக் மோடில் ஓட்டினால் எந்த சர்வர் விலகி நிற்கிறது என்று தெரியும். அந்தப் பட்டியலை ஆடிட்டரிடம் அப்படியே காட்டலாம். அப்புறம் ஐந்தைந்து சர்வராக மாற்றுங்கள். கீ போய்ச் சேராத சர்வரில் பாஸ்வேர்டை நிறுத்தினால் நாமே வெளியே நிற்க வேண்டிவரும்.

இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவைப் பாருங்கள். லாக் (சர்வரில் நடப்பவற்றின் பதிவு) 180 நாள் இருக்க வேண்டும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னிடம் சொல்ல வேண்டும், எல்லா சர்வரின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். பழைய லாகை நீக்கும் லாக்ரொடேட் கருவியின் வழக்கமான அமைப்போ 4 வாரம்தான் வைக்கும். இதைச் சரிசெய்யப்போவது யார்? அட்மின்தான். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் எனும் சுருக்க மென்பொருளில் ஒளித்துவைத்த பின்கதவு வெளிவந்தபோதும் முதல் கேள்வி, 'அதன் 5.6.0, 5.6.1 பதிப்பு நம்மிடம் எங்கே இருக்கிறது?' என்பதே. பிளேபுக் வைத்திருந்தவர் நிமிடங்களில் பதில் சொல்லலாம்.

இந்த வழியில் ஒரு குறை: பதவிப் பெயர் தானாக மாறாது. அதனால் ஹார்டனிங் (சர்வரின் அமைப்பை இறுக்குவது), பேட்சிங் (ஓட்டையை அடைக்கும் அப்டேட் போடுவது) இரண்டையும் உங்கள் பொறுப்பில் தரும்படி மேனேஜரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ரெஸ்யூமேயிலும் எத்தனை சர்வர், எதை மூடினீர்கள், பேட்ச் போட ஆகும் நேரம் எவ்வளவு குறைந்தது என்று எழுதுங்கள்.