முதல் வருட நட்டம்: பார்ட்னர்ஷிப்பா, எஸ் கார்ப்பரேஷனா?

அமெரிக்காவில் இருவர் சேர்ந்து உணவகம் தொடங்குகிறார்கள். மூலதனம் ஆளுக்கு 20,000 டாலர். தொழிலின் பேரில் வங்கிக் கடன் 1 லட்சம்; திருப்பிக் கட்டும் பொறுப்பு இருவருக்கும் சரிபாதி. முதல் வருடம் 90,000 டாலர் நட்டம். பங்குக்கு 45,000. கூட்டாக நடத்தும் பார்ட்னர்ஷிப்பானாலும், கம்பெனி வடிவமான எஸ் கார்ப்பரேஷனானாலும், லாப நட்டம் உரிமையாளர்களின் சொந்த வரிக்கணக்குக்கே வரும். அந்த 45,000-இல் எவ்வளவைத் தன் வரிக்கணக்கில் கழிக்கலாம்?

அவரவர் பங்கு லாப நட்டத்தைக் காட்டித் தொழில் தரும் கே-1 தாளில் முதல் கட்டத்தில் 45,000 என்றிருக்கும். அதை அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். கழிக்கக்கூடிய உச்சம் அவரவர் 'பேசிஸ்', அதாவது தொழிலுக்குள் நிற்கும் அவரது முதலீட்டின் வரி மதிப்பு. மிஞ்சிய நட்டம் அடுத்த வருடங்களுக்குப் போகும்.

பொதுவான பார்ட்னர்ஷிப்பில் கடனில் உங்கள் பங்கும் பேசிஸில் சேரும்: 20,000 + 50,000 = 70,000. ஆகவே 45,000 முழுவதும் கழியும். அதே கே-1 தாளில் மூலதனக் கணக்கு மைனஸ் 25,000 என்று காட்டும், பார்த்ததும் பதறுவார்கள். கடன் பங்கு 50,000-ஐக் கூட்டிப் பாருங்கள், பேசிஸ் இன்னும் 25,000 மிச்சம்.

எஸ் கார்ப்பரேஷனில் கம்பெனி வாங்கிய கடன் உங்கள் கணக்கில் ஏறாது. வங்கிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலும் ஏறாது. 20,000 மட்டும் கழியும், 25,000 காத்திருக்கும். வழி உண்டு: வங்கியில் நீங்களே கடன் வாங்கி, உங்கள் பெயரில் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். அதற்குப் பத்திரமும் வட்டிக் கணக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

பார்ட்னர்ஷிப் தருவது இலவசமல்ல. கடன் குறையக் குறைய, உங்கள் பங்கு குறைந்த அளவுக்குக் கையில் பணம் வாங்கியதாகவே கணக்கு. லாபம் வந்து அதிலிருந்து அடைத்தால் சிக்கலில்லை, லாபம் பேசிஸை ஏற்றிவிடும். லாபமே வராமல், வேறு வழியில் 50,000-மும் உங்கள் தலையிலிருந்து இறங்கினால், மிச்ச பேசிஸைத் தாண்டிய 25,000-க்கு ஆதாய வரி.

பேசிஸுக்குப் பிறகும் 'அட்-ரிஸ்க்' (உண்மையில் இழக்க நேரும் பணம் வரைதான் கழிக்கலாம்), 'பாசிவ்' (தான் இறங்கி உழைக்காத தொழிலின் நட்டத்துக்குத் தடை) என்று இரண்டு சல்லடைகள் உண்டு. அடுப்படியில் தினமும் நிற்கும் இந்த இருவருக்கும் அவை பெரும்பாலும் தடையாகாது.

லாபத் தொழிலென்றால் சுயதொழில் வரி (சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்கானது) மிச்சத்துக்காக எஸ் கார்ப்பரேஷனைச் சொல்வேன். கடன் வாங்கி நட்டத்தில் தொடங்கும் உணவகத்துக்கு, பார்ட்னர்ஷிப்தான். லாபம் வந்தபின் மாறிக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்குக் கடன், சொத்துகளின் வரி மதிப்பைத் தாண்டியிருந்தால் அந்த உபரிக்கும் வரி வரும்.