ட்ரிப்பின் வெட்: மூன்று வேலைக்கு ஒரே வாய்

வெட் வில்லி என்ற அமெரிக்க ராக் குழுவின் பெயரே ஒரு சில்மிஷம். எச்சில் தொட்ட விரலை, அசந்திருப்பவன் காதுக்குள் விட்டுத் திருகிவிட்டு ஓடுவதற்கு அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் அது. இப்படிப் பெயர் வைத்துக்கொண்டால் யார் பொருட்படுத்துவார்கள் என்று கேட்கலாம். அதைவிடப் பெரிய தொல்லை, அவர்களுடைய ஒரே பெரிய வெற்றிப் பாட்டு. "கீப் ஆன் ஸ்மைலின்" 1974ல் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 10ஆம் இடம் வரை போனது. நல்ல பாட்டுதான், ரெகே சாயலில் ஆடி அசைந்து போகும். ஆனால் அதை மட்டும் கேட்டுவிட்டு இந்தக் குழுவை எடைபோட்டால் கணக்கு தப்பும். வாங்க வேண்டியது அதற்கு முந்தைய ஆண்டு, 1973ல் வந்த "ட்ரிப்பின் வெட்" என்ற நேரடி நிகழ்ச்சி ஆல்பம்.

ஆட்கள் அலபாமா மாநிலத்தின் துறைமுக நகரமான மொபீலைச் சேர்ந்தவர்கள். ஜிம்மி ஹால் பாட்டு, ஹார்மோனிகா (மவுத் ஆர்கன்), சாக்ஸஃபோன். தம்பி ஜாக் ஹால் பேஸ் கிட்டார். ரிக்கி ஹிர்ஷ் கிட்டார், ஜான் ஆந்தனி கீபோர்டு, லூயிஸ் ராஸ் டிரம்ஸ். 1970ல் ஜார்ஜியாவின் மேக்கனுக்கு வந்து கேப்ரிகார்ன் ரெக்கார்ட்ஸில் சேர்ந்தார்கள். சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங்கின் மேலாளராக இருந்த ஃபில் வால்டன் தொடங்கிய நிறுவனம் அது. அங்கேதான் சிக்கலும். அதே நிறுவனத்தின் ஆல்மன் பிரதர்ஸ் குழுவினர் 1971ல் ஃபில்மோர் ஈஸ்ட் ஆல்பத்தைப் போட்டு, தென்மாநில ராக் என்றால் இரண்டு கிட்டார், ஒரு பாட்டுக்கு இருபது நிமிடம் என்று ஒரு அளவுகோலை நட்டுவிட்டுப் போனார்கள். பின்னால் வந்த லின்யர்ட் ஸ்கின்யர்ட் மூன்று கிட்டார்களை வரிசையாக நிறுத்தியது. அந்த அளவுகோலோடு வெட் வில்லியை அணுகினால் எதுவும் அகப்படாது. இது கிட்டார்காரர்கள் குழு அல்ல, மூச்சுக்காரன் குழு.

ஒரே ஆள் பாடவும், ஹார்மோனிகா வாசிக்கவும், சாக்ஸஃபோன் ஊதவும் வேண்டுமென்றால் மூன்றுக்கும் இருப்பது ஒரே வாய். ஒன்று நடக்கும்போது மற்ற இரண்டும் நடக்காது. இந்த எளிய கட்டாயம்தான் ஆல்பத்தின் வடிவத்தையே தீர்மானிக்கிறது. ஹால் ஒரு வரியைப் பாடுகிறார், நிறுத்துகிறார், அதே வரிக்கு ஹார்மோனிகாவால் பதில் சொல்கிறார். கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு மரபான ப்ளூஸில் பழைய பாடகர்கள் கையாண்ட கேள்வி-பதில் முறைதான். ஆனால் இங்கே கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே நுரையீரல் என்பதால், பாட்டின் கடைசி எழுத்து தேய்கிற இடத்திலேயே ஹார்மோனிகா பிடித்துக்கொள்கிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் நடுவில் ஒரு மூச்சுக்குத்தான் இடம் இருக்கும். அந்தச் சமயத்தில் கிட்டாரும் கீபோர்டும் முண்டியடிக்காமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கவனியுங்கள். அந்த அடக்கத்தைத்தான் பலரும் "பெரிய வாசிப்பு இல்லை" என்று தவறாகப் படித்தார்கள்.

ஹார்மோனிகா பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ப்ளூஸ் வாசிப்பவர்கள் பாட்டின் சுருதியில் இருக்கும் ஹார்மோனிகாவை எடுப்பதில்லை. மேற்கத்திய சுரப் பெயர்களில் சொன்னால், ஈ சுருதிப் பாட்டுக்கு ஏ ஹார்மோனிகா, ஜி பாட்டுக்கு சி ஹார்மோனிகா. கிராஸ் ஹார்ப் என்பார்கள். அப்போது இரண்டாம் துளையை உள்ளே உறிஞ்சினால் பாட்டின் ஆதார சுரம் கிடைக்கும். ஊதுவதைவிட உறிஞ்சுவதில்தான் சுரத்தை வளைக்க முடிகிறது: சி ஹார்மோனிகாவில் மூன்றாம் துளையை உறிஞ்சினால் பி. நாக்கைப் பின்னுக்கு இழுத்து அதை அரைச் சுரம் இறக்கினால் ப்ளூஸின் அழுகை வரும். நான்காம் துளையிலும் அதே வித்தை. இறக்குவது ஒரு மயிரிழை கூடினாலோ குறைந்தாலோ சுரம் சப்பென்று போய்விடும். மேடையில், டிரம்ஸ் அடிக்கு நடுவில், அடுத்த வரியைப் பாட மூச்சையும் மிச்சம் வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும்.

"ஷி காட் த கேட்டி" பாட்டில் முதலில் காதை வையுங்கள். டாஜ் மஹால் என்ற ப்ளூஸ் பாடகர் 1968ல் பதிவுசெய்த பாட்டு. கேட்டி என்பது பெண் பெயர் அல்ல. மிசூரி-கான்சாஸ்-டெக்சாஸ் ரயில் பாதையை எம்கேடி என்று சுருக்கி, அதிலிருந்து வாயில் உருண்டு வந்த பெயர். அவள் ரயிலேறிப் போய்விட்டாள், இவனுக்கு மிஞ்சியது ஒரு கோவேறு கழுதை. சோகம்தான், ஆனால் வெட் வில்லி கையில் அது அழுகையாக நிற்பதில்லை, கால் தட்ட வைக்கிறது. இவர்களுடைய ப்ளூஸ் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்பதற்கானது அல்ல, ஆட்டத்துக்கானது.

அடுத்து "ஷவுட் பாமலாமா". ஓடிஸ் ரெடிங் பெயர் பெறுவதற்கு முன்பே, 1960களின் தொடக்கத்தில் பாடி வெளியிட்ட பாட்டு. அப்போது அவர் ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் தாக்கத்திலிருந்து இன்னும் வெளியே வரவில்லை. இருவருமே மேக்கனில் வளர்ந்தவர்கள். அந்த ஊர்ப் பாட்டை அந்த ஊருக்குப் பிழைக்க வந்த வெள்ளைக்காரப் பையன்கள் எடுத்து, கூச்சம் இல்லாமல், நகல் செய்யாமல் பாடுகிறார்கள். ஆல்பத்தின் முடிவில் வைத்தது சரியான இடம். இதற்குப் பிறகு வேறு எதை வைத்தாலும் சோர்ந்திருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. "ரெட் ஹாட் சிக்கன்" நீளமான பாட்டு, நடுவில் ஓரிடத்தில் குழு அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் வட்டமடிக்கிறது. நேரில் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது உறைத்திருக்காது, வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்கு உறைக்கும். இன்னொன்று பணம் சம்பந்தப்பட்டது: 1972ல் வந்த "வெட் வில்லி 2" ஏற்கெனவே கையில் இருந்தால், அதிலுள்ள மூன்று பாட்டுகள் ("ஷவுட் பாமலாமா", "ஏர்போர்ட்", "ரெட் ஹாட் சிக்கன்") இதிலும் திரும்ப வருகின்றன. எட்டில் மூன்று. நேரடி வடிவத்தில் வேகமும் சூடும் வேறு என்பதால் வீண் என்று சொல்ல மாட்டோம், தெரிந்து வாங்குங்கள்.

பதிவு நடந்தது 1972 டிசம்பர் 31 இரவு, நியூ ஆர்லியன்ஸின் வேர்ஹவுஸ் அரங்கில். பெயருக்கேற்ப அது பழைய கிடங்குதான். தயாரிப்பாளர் எடி ஆஃபோர்டு, அதாவது யெஸ் குழுவின் "ஃப்ரஜைல்", "க்ளோஸ் டு தி எட்ஜ்" ஆல்பங்களின் ஒலியை உருவாக்கிய அதே ஆங்கிலேயர். இழை இழையாக அடுக்கி நெய்யும் பிரிட்டிஷ் ப்ராக்ரெசிவ் ராக் ஆளுக்கும், வியர்வை சொட்டும் அலபாமா பையன்களுக்கும் என்ன பொருத்தம் என்று தோன்றும். பொருந்துகிறது: ஒலியை அவர் மெருகேற்றாமல் விட்டிருக்கிறார்.

எல்பியாக, அதாவது வினைல் இசைத்தட்டாக வாங்குவோர் கடைசிப் பாட்டை வைத்துத் தட்டைச் சோதிக்க வேண்டும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது மாறாது. ஆனால் தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, உள்ளே லேபிளை நெருங்கும்போது சுமார் 21 செ.மீ.தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கப்படுவதால் கூர்மையான ஒலிகள் முதலில் கரகரக்கும். இந்த ஆல்பத்தில் "ரெட் ஹாட் சிக்கன்" முதல் பக்கத்தின் கடைசி, "ஷவுட் பாமலாமா" இரண்டாம் பக்கத்தின் கடைசி. தேய்ந்த தட்டு என்றால் குரலில் "ஸ்" எழுத்துகள் அங்கேதான் சீறும். முதல் பாட்டு சுத்தமாகக் கேட்கிறது என்று பணத்தை நீட்டிவிடாதீர்கள். உருண்டை முனை ஊசிக்குப் பதிலாக நீள்வட்ட முனை கொண்ட எலிப்டிகல் ஊசி மாட்டினால் சீறல் ஓரளவு குறையும். பள்ளமே தேய்ந்திருந்தால் எந்த ஊசியும் உதவாது.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் இரண்டு அமைப்புகளைச் சரிபாருங்கள். இடைவெளி விடாமல் பாட்டுகளை ஓட்டும் கேப்லெஸ் ப்ளேபேக் அணைந்திருந்தால் பாட்டுக்குப் பாட்டு கைதட்டல் கத்தரித்தாற்போல் அறுந்து விழும். ஒலி அளவைச் சமன்செய்யும் வசதி ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக வேலை செய்தால், அடக்கமான பாட்டும் ஆர்ப்பாட்டமான பாட்டும் ஒரே உயரத்துக்கு வந்து நிகழ்ச்சியின் ஏற்ற இறக்கமே போய்விடும். ஆல்பம் அளவில் வையுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள்.

கூடவே வாசித்துப் பழக நினைப்பவர்களுக்கு: ப்ளூஸ் பாட்டு பன்னிரண்டு பார் (தாள அளவு) கொண்ட சுற்றுகளாகப் போகும்; பேஸ் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் எந்தச் சுரத்தில் வந்து அமர்கிறது என்று பிடியுங்கள், அதுதான் சுருதி. அதிலிருந்து நான்காம் சுரத்தில் உள்ள ஹார்மோனிகாவை எடுங்கள். எடுத்த பிறகும் உரசினால் குற்றம் டர்ன்டேபிளில் இருக்கலாம். வேகம் 1 சதவீதம் கூடினால் சுருதி 17 சென்ட் ஏறும் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்), 6 சதவீதம் கூடினால் கிட்டத்தட்ட முழு அரைச் சுரம். கிட்டாரில் ஆணியைத் திருகிச் சரிக்கட்டலாம், ஹார்மோனிகாவின் பித்தளைத் தகட்டில் அது நடக்காது. பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இது பிடித்துப்போனால் அடுத்து "வெட் வில்லி 2". எல்மோர் ஜேம்ஸ் வழியாகப் புகழ்பெற்ற "இட் ஹர்ட்ஸ் மீ டூ", லிட்டில் ரிச்சர்டின் "கீப் எ நாக்கின்" இரண்டும் அதில் உண்டு. "கீப் ஆன் ஸ்மைலின்" ஆல்பம் மூன்றாவதாக. ஹாலின் குரல் மட்டும் போதும் என்றால் 1985ல் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் போட்ட "ஃப்ளாஷ்" ஆல்பத்தின் பல பாட்டுகளில் அவர்தான் பாடியிருக்கிறார், ஆனால் ஹார்மோனிகாவுக்காக அதை வாங்காதீர்கள்.