கையும் முகமும் தெரிகிறதா? காது கேளாதோருக்கு வாட்ஸ்அப் காணொளி வசதிகள் எப்படி

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிகளில் எனக்குத் தெரிந்த காது கேளாதவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது பெரும்பாலும் வாட்ஸ்அப் காணொளிகளில்தான். பாம்பனில் வலை பின்னும் என் தம்பியும் அவர்களில் ஒருவன். சைகை மொழிக்கென்று தனி இலக்கணம் இருப்பதால், தமிழில் தட்டச்சு செய்வது அவனுக்கு இரண்டாவது மொழியில் எழுதுவதாகவே இருக்கிறது. கையால் பேசிப் படம் பிடித்து அனுப்புவதுதான் இயல்பாக வருகிறது. ஆகவே இந்தச் செயலியை மதிப்பிட எனக்கு ஒரே அளவுகோல்தான்: பார்ப்பவருக்கு இரண்டு கைகளும் முகமும் தெளிவாகத் தெரிகின்றனவா?

2023 ஜூலையில் வந்த உடனடிக் காணொளிச் செய்தி, அறுபது நொடிகள் வரை வட்டமான சட்டத்துக்குள் பதிவாகிறது. குரலால் பேசுபவருக்கு முகம் தெரிந்தால் போதும். சைகையோ நெற்றியிலிருந்து இடுப்பு வரையிலும், தோளுக்கு வெளியே இருபுறமும் விரியும். இந்திய சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளைக் காட்டுவதற்கே பெரும்பாலும் இரண்டு கைகள் வேண்டும். வட்டமோ மூலைகளை விழுங்கிவிடுகிறது. பொத்தானை மேலே தள்ளிப் பூட்டிவிட்டால் கைகள் விடுபடும் என்பது நல்ல ஏற்பாடு. தம்பி போனை ஐஸ் பெட்டியில் சாய்த்து வைத்து, முழங்கைகள் வட்டத்துக்குள் அடங்கும்வரை பின்னால் நகர்ந்துகொள்வான். அந்தத் தொலைவில் விரல்கள் சிறுத்துவிடுகின்றன. "சரி", "வருகிறேன்" போன்ற குறும்பதில்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

நீண்ட பேச்சுக்குப் போன் கேமராவில் எடுத்து அனுப்பும் சாதாரணக் காணொளியே சிறந்தது. அனுப்பும்போது எச்.டி. தரத்தைத் தேர்ந்தெடுப்பது அவசியம். தரம் குறைந்தால் வேகமாக நகரும் விரல்கள் கலங்கிப் போய், ஒரு சைகை இன்னொன்றாகப் படிக்கப்படும். டேட்டா கூடுதலாகச் செலவாகும், சிக்னல் மெலிந்த இடத்தில் காத்திருக்கவும் வேண்டும். ஆனாலும் அது தகும். காலையில் கிழக்குக் கடலைப் பின்னணியாக வைத்து எடுத்தால் முகமும் கைகளும் கருத்துவிடும். சூரியனைப் பார்த்து நிற்க வேண்டும்.

இந்த வசதியின் உண்மையான பெறுமதி பலத்த காற்று வீசும் நாட்களில்தான் தெரிகிறது. கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கனை மீன்வளத்துறை வழங்கவில்லை என்ற செய்தி இங்கே ஒலிபெருக்கியிலும் குரல் பதிவுகளிலும் பரவும். குரல் பதிவை எழுத்தாக்கும் வசதியை வாட்ஸ்அப் 2024 நவம்பரில் அறிவித்தபோது அதில் தமிழ் இடம்பெறவில்லை. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு கண்ணுக்குத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அது சொல்வது எச்சரிக்கையின் எண் எது என்பதை மட்டுமே. தடை எதுவரை, கரையில் நிற்கும் படகுகளை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்பதையெல்லாம் காது கேட்கும் உறவினர் ஒருவர் சைகையில் சொல்லிப் பதிவு செய்து குழுவில் போட்டால், அது சற்று நேரத்தில் கடற்கரை நெடுகப் பகிரப்பட்டுவிடுகிறது. இதற்காகவே இந்தச் செயலிக்கு நான் நன்றியோடு உயர்ந்த மதிப்பெண் தருகிறேன்.

கற்பதற்கு யூடியூப் மேலானது. டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் பத்தாயிரம் சொற்கள் கொண்ட அகராதியைக் காணொளிகளாகவே பார்க்கலாம். யூடியூபில் தானியங்கி வசனவரி 2009-இல் வந்ததற்கு முக்கியக் காரணமானவர் கென் ஹாரன்ஸ்டீன் என்ற காது கேளாத பொறியாளர். பார்வையாளர்களே வசனவரி சேர்க்கும் வசதியை 2020 செப்டம்பரில் நீக்கியதுதான் பெருங்குறை. தமிழ்க் காணொளிகளுக்கு நம் பிள்ளைகளே அதைச் செய்திருக்க முடியும்.

வாட்ஸ்அப் குழு அழைப்பில் 32 பேர் வரை சேரலாம். பேசுபவரைத் தானாக முன்னிறுத்தும் வசதி குரலை நம்பியிருப்பதால், சைகையில் பேசுபவர் சிறு கட்டத்திலேயே நின்றுவிடுகிறார். அவருடைய கட்டத்தை ஒவ்வொருவரும் தாமே பெரிதாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான்கைந்து பேருக்கு மேல் அழைக்காமல், அடுத்துப் பேசப்போகிறவர் முதலில் கையை உயர்த்திக் காட்டுவதென்று முடிவு செய்துகொண்டால் அழைப்பு தடையில்லாமல் நடக்கும்.