மண்டபம் மீன் சாப்பாட்டுக் கடை: பத்து நாள் பொறுத்து எழுதுகிறேன்

ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் போகிற சாலையில், மண்டபத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. பெயர்ப் பலகை கிடையாது. நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட்; வாரம் இரண்டு தடவையாவது அந்தப் பக்கம் போவேன். முதலில் சாப்பிட்டது ஒரு வெள்ளிக்கிழமை. சாப்பாடு 120 ரூபாய்.

விளைமீன் குழம்பை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இலையில் விழுந்தது சூடை என்கிற சின்ன மீன். பெரிய மீன் இல்லையா என்று கேட்டால், "இன்னைக்கு இதுதான் தம்பி" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த இலைக்குப் போய்விட்டார். போன் கையிலேயே இருந்தது. ஒற்றை நட்சத்திரம் தட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

தட்டவில்லை. போன வருஷம் வேறொரு ஊரில், தங்கிய விடுதியின் குளியலறையில் நின்றபடியே விமர்சனம் எழுதினேன். முதலாளி பதில் போட்டார், நான் பதிலுக்குப் பதில் போட்டேன், அப்புறம் அவர் மச்சான் வந்தார். நான்கு நாள் தூக்கம் போச்சு. தண்ணீர் வராமல் இருந்தது என்னவோ அரைமணி நேரம்தான். அன்றிலிருந்து பத்து நாள் கழியாமல் எதற்கும் நட்சத்திரம் போடுவதில்லை.

இங்கே விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். திங்கள், புதன், சனி கிளம்பி மறுநாள் காலையில் கரை சேரும். அப்படியானால் வெள்ளிக்கிழமைப் பெரிய மீன் ஐஸில் கிடந்ததாகத்தான் இருக்கும். அக்கா போட்டது அன்று காலை நாட்டுப்படகில் வந்த சூடை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று சாப்பாடு ஆனது.

மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, வேறெதுவும் இல்லை. தலையோடு பொரித்திருந்தார். வாலைப் பிடித்து நடுமுள்ளை மெல்ல உருவினால் பாதி முள் கூடவே வந்துவிடும். மயிரிழை போன்ற மீதியை நாக்குதான் தேட வேண்டும். பேசிக்கொண்டே சாப்பிட முடியாத மீன். பக்கத்தில் இருவருக்குள், இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலையைப் பற்றிச் சண்டை. தடை செய்த வலைதான், யார் போட்டது என்பதில்தான் தகராறு. "நீங்க சொல்லுங்க சார், யார் மேல தப்பு?" என்றார் ஒருவர். வாயில் முள் என்று சைகை காட்டினேன். இரண்டு பக்கமும் எனக்குப் பாலிசிதாரர்கள் உண்டு என்பது வேறு கதை.

ரசம் வெறும் புளித்தண்ணீர். இதற்குப் பத்து நாள் தேவையில்லை, முதல் வாயிலேயே சொல்லிவிடலாம். குழாய் சொட்டுச் சொட்டாக வருகிறது. கியூஆர் அட்டை வெயிலில் மங்கிவிட்டது, சில்லறை கொண்டு போங்கள்.

பாத்திரம் கழுவும் பையனை அக்கா கடுமையாகத் திட்டுகிறார். மகனா, வேலைக்கு வந்தவனா, தெரியாது. பொரித்ததில் பெரிய துண்டை அவனுக்கென்று மூடி வைத்ததையும் ஒரு நாள் பார்த்தேன். 'உபசரிப்பு' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு நான்கு நட்சத்திரம். செவ்வாய், வியாழன், ஞாயிறு ஒரு மணிக்குள் போனால் விளைமீன், பாறை, கணவாய் கிடைக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். அப்போது சூடையே கதி. எனக்கு அதில் வருத்தமில்லை.