புதிது என்று விற்கப்பட்ட பழைய ஹார்ட் டிஸ்க்: ரிச்சி தெருவில் நான் ஏமாந்த விதம்

வீட்டில் ஒரு சிறிய கணினியை இரவு பகலாக ஓடவிட்டு, சொந்தக் கோப்புகளை அதில் சேமித்து வருபவர்கள் அடுத்த ஹார்ட் டிஸ்க்கை வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் பொருள் வாங்கிப் பழகியவன் நான். அங்கே நாணயமான கடைக்காரர்கள் பலர் உண்டு என்பதையும் அறிவேன். ஆனால் இம்முறை நான் நுழைந்த கடை அப்படிப்பட்டது அன்று.

என்னிடம் இருப்பவை எளிய கருவிகள்தாம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் பழைய திங்க்பேட் மடிக்கணினி ஒன்று. அலமாரியின் கீழ்த்தட்டில் சர்வராக வேலை செய்யும் சிறிய பெட்டி ஒன்று. வார இறுதிகளில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எடுக்கும் பறவைப் படங்களும், அப்பா வானொலியிலிருந்து பதிவு செய்து வைத்திருந்த நாடகக் கேசட்டுகளை ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒலிக்கோப்புகளாக்கிய தொகுப்பும் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன. இடம் போதாமல் போகவே, சர்வர்களுக்கென்று தயாரிக்கப்படும் வகையில் 8 டெராபைட் சீகேட் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கச் சென்றேன். இணையத்தில் பார்த்த விலையைவிட மூவாயிரம் ரூபாய் குறைத்துச் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். “டிஸ்ட்ரிபியூட்டர் ஸ்டாக் சார், அதான் இந்த ரேட்” என்றார் கடைக்காரர். நம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல ஸ்மார்ட் விவரங்களை, அதாவது ஓடிய நேரத்தையும் பழுதுகளையும் டிஸ்க் தானே குறித்துவைக்கும் கணக்கைப் பார்த்தேன். ஓடிய நேரம் 2 மணி என்று காட்டியது; சேதமடைந்த செக்டார் (தரவு எழுதப்படும் சிறு பகுதி) ஒன்றுகூட இல்லை. மனம் நிறைந்து, கோப்புகளை ஏற்றத் தொடங்கினேன். இருபத்து நான்காம் நாள் காலையில், படிக்க முடியாத செக்டார்கள் எட்டு இருப்பதாகச் சர்வரிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மாலைக்குள் அந்த எட்டு நாற்பதாகிவிட்டது.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைசே செய்தித்தளம் வெளியிட்ட செய்தி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஹார்ட் டிஸ்க்கின் சேமிப்பிடத்தைக் கொண்டு ஈட்டப்படும் சியா என்ற மின்நாணயத்துக்காகப் பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை என்று சந்தேகிக்கப்பட்ட சீகேட் ஹார்ட் டிஸ்க்குகள், அவற்றின் ஸ்மார்ட் கணக்கு அழிக்கப்பட்டு, புதியவை என்ற பெயரில் கடைகளுக்கு வந்திருந்தன. தாங்கள் அவற்றை அந்தக் கடைகளுக்கு அனுப்பவில்லை என்று தயாரிப்பாளர் விளக்கமளித்திருந்தார். ஸ்மார்ட் கணக்கை அழித்தவர்கள் விட்டுவிட்ட, ஓடிய நேரத்தைத் தனியே குறித்துவைக்கும் இன்னொரு பதிவேடு அந்த டிஸ்க்குகளுக்குள் இருந்தது; அதன் பெயர் ஃபார்ம். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 பதிப்பு முதற்கொண்டு அதைப் படித்துவிடலாம். நானும் படித்தேன். ஸ்மார்ட் கணக்கில் ஐந்நூற்றுச் சொச்சம் மணி நேரம். ஃபார்ம் பதிவேட்டிலோ 21,940 மணி நேரம், அதாவது ஓய்வின்றி இரண்டரை ஆண்டு ஓட்டம்.

அதன்பின் டிஸ்க்கைக் கழற்றி, கைப்பேசி விளக்கின் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒருமுறை மட்டுமே கம்பி செருகப்பட்டிருக்க வேண்டிய சாட்டா இணைப்பு முனையின் பொன்னிறப் பட்டைகளில் நெடுகக் கீறல்கள் இருந்தன. பக்கவாட்டில் திருகு மாட்டும் துளைகளின் விளிம்பில் சாயம் போய் உலோகம் பளபளத்தது. நான் திருகே போடாமல் ரப்பர்த் தாங்கியில் அல்லவா வைத்திருந்தேன்! தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் எண்ணை இட்டுப் பார்த்தபோது, அது கணினி நிறுவனம் ஒன்றுக்கு மொத்தமாக விற்கப்பட்ட பொருள் என்றும், தனிநபருக்கு வாரன்டி இல்லை என்றும் வந்தது. அரை நிமிட வேலை. கடையில் நின்றபடியே செய்திருக்கலாம்.

மறுநாள் பில்லோடு போனேன். கடைக்காரர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, “இதுல சீரியல் நம்பரே இல்லையே சார், நான் குடுத்த டிஸ்க்குதான் இதுன்னு எப்படிச் சொல்றீங்க?” என்றார். நான் உண்மையில் தோற்ற இடம் இதுதான். 18 சதவீத ஜிஎஸ்டியோடு முறையான பில் வாங்கிவிட்டோம் என்ற திருப்தியில், அதில் மாடல் பெயர் மட்டும் அச்சாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்ற முத்திரையையும் அவர் விரலால் தட்டிக் காட்டினார்.

அந்த முத்திரையைக் கண்டு யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. பழைய பொருளையோ புதுப்பிக்கப்பட்ட பொருளையோ புதிது என்று சொல்லி விற்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடப்படாதபோது, குறையுள்ள பொருளை 30 நாள்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அதே வரையறைக்குள் வருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் புகார் பதிந்தேன். அதன் பிறகு கடையிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பில் குரல் சற்றே தணிந்திருந்தது; பாதிப் பணம் தருவதாகச் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. ஃபார்ம் பதிவேட்டின் அச்சுப்படி, கீறல்களின் படங்கள், வங்கிக் கணக்கில் பணம் போன விவரம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். சீரியல் எண் இல்லாத பில் எவ்வளவு தூரம் நிற்கும் என்ற கவலை எனக்கு இருக்கத்தான் செய்கிறது.

கோப்புகளில் பெரும்பகுதிக்குப் பழைய டிஸ்க்கில் பிரதி இருந்ததால் தப்பித்தேன். கடைசியாகப் பதிவு செய்த கேசட்டுக்கு மட்டும் பிரதி எடுத்திருக்கவில்லை. பதிவு முடிந்து வெளியே எடுக்கும்போது அதன் நாடா பிளேயரில் சிக்கி அறுந்துவிட்டிருந்தது. அந்தக் கோப்பில் 45 நிமிடத்துக்கு 19 நிமிடம்தான் மீண்டது.

சென்ற வாரம் அதே தெருவில் வேறொரு கடைக்கு மடிக்கணினியையும், டிஸ்க்கை அதனோடு இணைக்கும் யுஎஸ்பி டாக்கையும் எடுத்துச் சென்றேன். உறையைப் பிரிக்கும் முன் சீரியல் எண்ணுக்கு வாரன்டி பார்த்தேன். பிரித்தபின் அங்கேயே டிஸ்க்கை மாட்டி, ஸ்மார்ட் கணக்கையும் ஃபார்ம் பதிவேட்டையும் ஒப்பிட்டேன். பிறகே பணம் கொடுத்தேன். கல்லாவில் இருந்த பெரியவர் முகம் சுளிக்காமல், சீரியல் எண்ணைத் தம் கையாலேயே பில்லில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்.